ஜூலை வானொலிப் போட்டிக்கு ஒரு தோட்டத்து அமெச்சூர் வானொலிக் கழகம் எப்படித் தயாராகலாம்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் புதிதாக இயங்கத் தொடங்கியிருக்கும் அமெச்சூர் வானொலிக் கழகத்தின் செயலாளர் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். 24 மணி நேரத்தில் உலகெங்கும் எத்தனை நிலையங்களோடு பேச முடிகிறது என்று பார்க்கும், ஜூலை மாதம் நடக்கும் அனைத்துலக அமெச்சூர் வானொலிச் சங்கத்தின் (ஐ.ஏ.ஆர்.யு.) சிற்றலை (எச்.எஃப்.) போட்டியில் கழகமாகக் கலந்துகொள்ள என்னென்ன ஆயத்தம் செய்ய வேண்டும்? உறுப்பினர்கள் சேர்த்து வைத்திருக்கும் பணத்தில் ரேடியோவின் சக்தியைக் கூட்டும் ஒரு பவர் ஆம்ப்ளிஃபயர் வாங்கலாமா? போட்டி முடிந்ததும் ஆட்கள் கலைந்துபோகாமல் ஆண்டு முழுவதும் கழகத்தை நடத்துவது எப்படி? அவர்கள் கையில் 100 வாட் எச்.எஃப். ரேடியோ ஒன்றும் அக்கம்பக்கத்தில் பேச வி.எச்.எஃப். கைக்கருவிகள் சிலவும் இருக்கின்றன. மேல்நிலையான ஏ வகுப்பு அனுமதி பெற்றவர்கள் இருவர். மற்றவர்கள் பி வகுப்பு. இன்னும் தேர்வு எழுதாத பள்ளி மாணவர்களும் வந்துபோகிறார்கள்.

தம்பி, பணக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற எல்லாமே அதிலிருந்துதான் கிளைக்கின்றன. ஆம்ப்ளிஃபயர் வேண்டாம். 100 வாட்டை 400 வாட்டாக உயர்த்தினால் கிடைப்பது 6 டெசிபல். எதிர்முனையில் இருப்பவரின் ரேடியோவில் சமிக்ஞையின் வலுவைக் காட்டும் மீட்டரில் அது ஓர் எஸ் அலகு, அவ்வளவுதான். 14 மெகாஹெர்ட்ஸ் டைபோலை, அதாவது நடுவில் கேபிள் இணைத்த எளிய கம்பி ஆண்டெனாவை, 5 மீட்டர் உயரத்திலிருந்து 10 மீட்டருக்கு ஏற்றிக் கட்டிப் பாருங்கள். தொலைதூரத் தொடர்புக்கு வேண்டிய தாழ்ந்த கோணத்தில், அடிவானத்துக்கு மேல் 10 பாகை அளவில், ஏறக்குறைய அதே 6 டெசிபல் உங்களுக்குக் கிடைத்துவிடும். அதற்கு ஆகும் செலவு மூங்கிலும் கயிறும். ஆம்ப்ளிஃபயர் நீங்கள் பேசுவதை மட்டும்தான் பெரிதாக்கும். உயர்த்திக் கட்டிய கம்பியோ நீங்கள் கேட்பதையும் பெரிதாக்கித் தரும். காதில் விழாத நிலையத்தோடு எத்தனை வாட் வைத்திருந்தாலும் பேச முடியாது.

நான் சொல்ல வருவதெல்லாம் கேட்பதைப் பற்றித்தான். உங்கள் ஊருக்கு இருக்கும் பெரிய சொத்து அமைதியும் இடமும். கோலாலம்பூரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் அமெச்சூர் நண்பரைக் கேட்டுப் பாருங்கள். மின்தூக்கி, எல்.இ.டி. விளக்குகள், பக்கத்து வீட்டுச் சார்ஜர்கள் எல்லாம் சேர்ந்து 7 மெகாஹெர்ட்ஸில் மீட்டர் முள்ளை எப்போதும் எஸ்8, எஸ்9 என்று பிடித்து வைத்திருக்கும். அவர் எத்தனை விலை உயர்ந்த ரேடியோ வாங்கினாலும் மெல்லிய குரல்கள் அந்த இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். செம்பனைக் காட்டுக்கு நடுவே பேட்டரியில் ஓடும் ஒரு ரேடியோவுக்கு அந்தத் தொல்லை இல்லை. பணம் கொடுத்தும் வாங்க முடியாத இந்த வசதியைச் சரியாகப் பயன்படுத்துவதுதான் உங்கள் ஆயத்தத்தின் பெரும்பகுதியாக இருக்க வேண்டும்.

இடத்தை மே மாதத்துக்குள் முடிவு செய்துவிடுங்கள். உங்கள் ஊருக்குக் கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் எழுகிறது. பேராக்கிலிருந்து ஜப்பானுக்கான திசை வடக்கிலிருந்து சுமார் 44 பாகை. கலிஃபோர்னியாவுக்கும் ஏறக்குறைய அதே 40 பாகைதான். இரண்டும் வடகிழக்கு. மலையடிவாரத்தை ஒட்டி முகாம் போட்டால் அமெச்சூர்கள் நிறைந்த இந்த இரண்டு திசைகளையும் மலை மறைத்துக்கொள்ளும். ஆகவே மலைப்பக்கமாக, லிந்தாங் பக்கம் உள்ளே போகப் போக நல்லது என்று நினைக்காதீர்கள். ஒரு பாகைமானியும் நூலில் கட்டிய கல்லும் போதும். பார்க்கும் இடத்திலெல்லாம் வடகிழக்கில் மலையுச்சி எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 5 பாகைக்குள் இருந்தால் நல்ல இடம். 10 பாகையைத் தாண்டினால் வேறு இடம் தேடுங்கள். ஐரோப்பா சுமார் 320 பாகை, அதாவது வடமேற்கு. ஆஸ்திரேலியாவின் சிட்னி ஏறக்குறைய அதற்கு நேர் எதிரே 133 பாகையில். சென்னை 293. இந்தத் திசைகளையும் அதே கையோடு பார்த்துவிடுங்கள்.

தமிழ்ப்பள்ளித் திடல், கோயில் வளாகம், தோட்ட நிர்வாகத்தின் பழைய கிடங்கு என எதுவானாலும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மலாயில் ஒரு பக்கக் கடிதம் போதும்: யார் வருகிறோம், எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எங்கே கம்பி கட்டுவோம், எப்போது அவிழ்ப்போம். இரவு முழுக்க ஆட்கள் நடமாடுவதால் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கும் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். தோட்டத்துக் காவலாளிக்கும் சேதி போய்ச் சேர வேண்டும். அது விட்டுப்போனால் நடு இரவில் டார்ச் விளக்கோடு அவர் வந்து நிற்கும்போது விளக்கம் சொல்வது கடினம்.

இடம் முடிவானதும் செய்ய வேண்டிய முதல் வேலை ஆண்டெனா கட்டுவதல்ல, இரைச்சல் தேடுவது. அமைதியான தோட்டத்திலும் இரைச்சல் ஒளிந்திருக்கும். யானை வராமல் தடுக்கக் காட்டோரத்தில் போட்டிருக்கும் மின்வேலி நொடிக்கு ஒரு தரம் 'டிக், டிக்' என்று எல்லா அலைவரிசையிலும் அடிக்கும். புல் உரசிக்கொண்டிருந்தால் அது இன்னும் மோசம். ஆலையின் மோட்டார்கள், கூரைச் சூரியத் தகடுகளின் இன்வெர்ட்டர், விரிசல் விட்ட மின்கம்ப இன்சுலேட்டர், தொழிலாளர் லயத்து வீட்டு வாசலில் தொங்கும் மலிவான எல்.இ.டி. விளக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக் குரல் உண்டு. பேட்டரியில் ஓடும் சாதாரண ஏ.எம். ரேடியோ ஒன்றை எந்த நிலையமும் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு, மாணவர்களோடு இரவு 8 மணிக்கு நடந்து பாருங்கள். அந்த ரேடியோவுக்குள் இருக்கும் ஃபெரைட் கம்பி திசை காட்டும். ரேடியோவைத் திருப்பும்போது இரைச்சல் எந்த நிலையில் மிகக் குறைகிறதோ, அப்போது கம்பியின் முனை நீளும் கோட்டில்தான் அது இருக்கிறது. இரண்டு இடங்களில் நின்று கோடு போட்டால், வெட்டும் புள்ளியில் குற்றவாளி. வேலியையோ ஆலையையோ நாம் நிறுத்த முடியாது. ஆனால் முகாமை 200 மீட்டர் தள்ளிப் போடலாம். வீட்டுக்காரரிடம் பேசி அந்த ஒரு இரவுக்கு விளக்கை மாற்றித் தரலாம். பகலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை, மழை பெய்த மறுநாள் ஒரு முறை என்று பாருங்கள். மூன்றும் மூன்று விதமாக இருக்கும்.

ஆண்டெனாவுக்கு வருகிறேன். டைபோலின் மொத்த நீளம் மீட்டரில் வேண்டுமானால் 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கிடைக்கும். 14.2க்கு 10 மீட்டருக்குச் சற்றே கூடுதல், 21.2க்கு 6.75, 7.1க்கு 20 மீட்டர். ஒவ்வொரு முனையிலும் அரை மீட்டர் அதிகம் விட்டு வெட்டுங்கள். எஸ்.டபிள்யூ.ஆர். (அனுப்பும் சக்தியில் எவ்வளவு ஆண்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு) பார்த்துக் குறைத்துக்கொள்ளலாம். அலைவரிசைகளை அலைநீளத்தாலும் சொல்வோம்: 7 மெகாஹெர்ட்ஸ் 40 மீட்டர், 14 என்பது 20, 21 என்பது 15, 28 என்பது 10. இந்த 20, 15, 10 மீட்டருக்கு மூன்று ஜோடிக் கம்பிகளை ஒரே நடுப்புள்ளியிலிருந்து விசிறிபோல் விரித்துக் கட்டினால் ஒரே கேபிளில் மூன்றும் வேலை செய்யும். டைபோல் தன் நீளத்துக்குக் குறுக்கே அலைகளை வீசும் என்பதை மறக்க வேண்டாம். வடகிழக்கு–தென்மேற்காக நீட்டிக் கட்டிய கம்பி ஐரோப்பாவையும் ஆஸ்திரேலியாவையும் பார்க்கும். தென்கிழக்கு–வடமேற்காகக் கட்டியது ஜப்பானையும் கலிஃபோர்னியாவையும் பார்க்கும். உங்கள் ஊருக்கு உலகம் இப்படி இரண்டு குறுக்குக் கோடுகளில் அழகாக அமைந்திருக்கிறது. ஆகவே இரண்டு விசிறி டைபோல்கள், நடுவில் ஒரு ஸ்விட்ச். அதற்கு மேல் எதுவும் முதல் ஆண்டில் தேவையில்லை. ஓர் ஒழுங்கான ஸ்விட்ச் வாங்குவது, ஆம்ப்ளிஃபயருக்கு ஒதுக்கிய பணத்துக்கு நல்ல பயன்.

கம்பத்துக்கு மூங்கிலைத்தான் நான் சிபாரிசு செய்வேன். ஆற்றோரம் கிடைக்கும் முற்றிய மூங்கில் 10 மீட்டர் நிற்கும். 120 பாகைக்கு ஒன்றாக மூன்று திசையில் இழுகயிறு, அதுவும் இரண்டு உயரங்களில். மரத்தில் கட்டுவதானால் ரப்பர் மரத்தைத் தவிர்த்துவிடுங்கள். பால்மரக் கிளை காற்றுக்குச் சட்டென்று முறியும். வயதான செம்பனை உயரமாகவும் உறுதியாகவும் நிற்கும். ஆனால் மட்டை முள் கையைக் கிழிக்கும், ஈர ஓலை கம்பியின் மேல் படிந்தால் எஸ்.டபிள்யூ.ஆர். ஆடும். உண்டிவில்லில் ஈயக்குண்டு கட்டிய தூண்டில் நரம்பை மேலே அனுப்பி, அதைக்கொண்டு கயிற்றை இழுத்து, கம்பி ஓலையிலிருந்து ஒரு மீட்டராவது விலகி நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மின்கம்பிக்கு அருகே மட்டும் கூடவே கூடாது. கம்பம் சாய்ந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரம் இருக்கிறதா என்று கயிற்றால் அளந்து பார்த்துவிட்டுத்தான் நிமிர்த்த வேண்டும். இதில் யாருக்கும் விதிவிலக்குக் கொடுக்காதீர்கள்.

கேபிளையும் கவனியுங்கள். ஆர்.ஜி. 58 என்னும் மெல்லிய கேபிள் 30 மீட்டர் நீளம் இருந்தால், 28 மெகாஹெர்ட்ஸில் உங்கள் 100 வாட்டில் ஏறக்குறைய 40 வாட்டை வழியிலேயே சூடாக்கிச் செலவழித்துவிடும். தடித்த கேபிளுக்குப் பணம் போடுங்கள், அல்லது கூடாரத்தைக் கம்பத்துக்குப் பக்கத்தில் கொண்டு வாருங்கள்.

இனி, நகரத்துக் கழகம் எதுவும் கனவு காண முடியாத ஒன்றைச் சொல்கிறேன். கேட்பதற்கென்று தனியாகப் பெவரேஜ் ஆண்டெனா போடுங்கள். 170 மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் உயரம், ஒற்றைக் கம்பி. இந்தப் பக்கம் 9:1 மின்மாற்றியும் நிலத்தில் அடித்த ஒரு கம்பியும், அந்தக் கோடியில் 450 ஓம் அளவில் ஒரு மின்தடையும் நிலத்தில் அடித்த இன்னொரு கம்பியும். மின்தடை இருக்கும் கோடி எந்தப் பக்கம் நோக்குகிறதோ அந்தத் திசையிலிருந்து வருவதைத்தான் அது நன்றாகக் கேட்கும். அதனால் வடமேற்காக ஓடும் செம்பனை வரிசை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதிகாலையில் 40 மீட்டரில் ஐரோப்பிய நிலையங்கள் இடி இரைச்சலுக்குள்ளிருந்து தனித்து எழுந்து வருவதைக் கேட்கும்போது, இந்தக் கம்பியின் அருமை உங்கள் பிள்ளைகளுக்குப் புரியும். ரேடியோவின் பின்புறம் கேட்பதற்கென்று தனி ஆண்டெனா நுழைவாய் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். பாதையைக் கடக்கும் இடத்தில் கம்பியை இன்னும் உயர்த்தி, சிவப்புத் துணி கட்டி, அறுவடை ஆட்களுக்குச் சொல்லிவிடுங்கள். அவர்களுடைய நீண்ட அலுமினியக் கழியும் உங்கள் கம்பியும் சந்திக்கக் கூடாது.

மின்சாரக் கணக்கு எளிது. 100 வாட் ரேடியோ கேட்கும்போது ஒன்றரை ஆம்பியர் அளவில் எடுக்கும். பேசும்போது உச்சத்தில் 20 ஆம்பியரைத் தாண்டும். ஆனால் குரல் ஏறி இறங்குவதால் சராசரி 8 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளலாம். 24 மணி நேரத்தில் 8 மணி நேரம் பேச்சு, 16 மணி நேரம் கேட்பது என்றால் 64உம் 24உம் சேர்ந்து 88 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று நூலிழையில் போதும். இன்னொன்றை இரவல் வாங்கி வையுங்கள். மடிக்கணினிக்குத் தனிப் பேட்டரி. ஜெனரேட்டரைச் சார்ஜ் செய்வதற்கு மட்டும் ஓட்டுங்கள். காற்று கூடாரத்தை நோக்கி வரும் பக்கத்தில் அதை வைக்கவே வேண்டாம், அதன் புகை உயிரைப் பறிக்கும்.

போட்டி விதிகளைக் குழுவாக உட்கார்ந்து படியுங்கள். ஜூலையின் இரண்டாவது முழு வார இறுதியில், உலக நேரம் சனிக்கிழமை 12 மணிக்குத் தொடங்கி ஞாயிறு 12 மணிக்கு முடிகிறது. நமக்கு அது சனி இரவு 8 முதல் ஞாயிறு இரவு 8 வரை. ஒவ்வொரு தொடர்பிலும் சமிக்ஞை அளவையும் உங்கள் ஐ.டி.யு. மண்டல எண்ணையும் (உலகைப் பிரித்திருக்கும் வானொலி மண்டலங்களில் உங்களுடையது) கொடுக்க வேண்டும். நமக்கு 54. சொந்த மண்டலத்துக்கு 1 புள்ளி; ஆசியாவுக்குள் வேறு மண்டலத்துக்கு 3; வேறு கண்டத்தில் வேறு மண்டலத்துக்கு 5. தேசியச் சங்கங்களின் தலைமை நிலையங்கள் 1 புள்ளிதான் தரும் என்றாலும், ஒவ்வொரு சங்கமும் ஒவ்வோர் அலைவரிசையிலும் ஒரு பெருக்கி, மண்டலங்களும் அப்படியே. மொத்தப் புள்ளியைப் பெருக்கிகளின் மொத்தத்தால் பெருக்குவதால் 800 புள்ளிக்கு 40 பெருக்கி இருந்தால் 32,000, 60 இருந்தால் 48,000. ஆகவே ஒரே அலைவரிசையில் ஜப்பானியரை வரிசையாகப் பிடித்துக்கொண்டே இருக்காமல், இந்தியா, இலங்கை அடங்கிய 41ஆம் மண்டலம், தாய்லாந்தின் 49, பிலிப்பைன்ஸின் 50 போன்ற பக்கத்து மண்டலங்களை எல்லா அலைவரிசையிலும் ஒரு தடவையாவது பிடித்துவிடுங்கள். பலர் இயக்கும், ஒரே டிரான்ஸ்மிட்டர் கொண்ட பிரிவில்தான் நீங்கள் வருவீர்கள். அதில் அலைவரிசையையோ முறையையோ மாற்றினால் குறைந்தது 10 நிமிடம் அங்கேயே இருக்க வேண்டும். அந்தப் பிரிவில் குரலும் மோர்ஸும் இரண்டும் உண்டு. மோர்ஸ் தெரிந்தவர் ஒருவர் கிடைத்தாலும் அவருக்கு அதிகாலை நேரத்தைக் கொடுங்கள். பலவீனமான சமிக்ஞையை மோர்ஸ் கரை சேர்க்கும்.

அனுமதி விஷயத்தில் ஒரு நூலளவும் விலகாதீர்கள். பி வகுப்பினர் எந்த அலைவரிசையில் எத்தனை வாட் வரை இயக்கலாம் என்பதை அவரவர் அனுமதிப் பத்திரத்தையும் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் நடப்பு விதிகளையும் பார்த்து அட்டவணையில் எழுதி, மேசைக்கு மேலே ஒட்டிவிடுங்கள். எந்த அழைப்புக்குறியை (நிலையத்தின் அடையாளப் பெயரை) யார் பொறுப்பில் பயன்படுத்துகிறீர்கள் என்பதையும் முன்கூட்டியே ஆணையத்திடம் எழுத்தில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். தேர்வு எழுதாத மாணவர்கள் பதிவு எழுதட்டும், கேட்கட்டும். அவர்களுக்கான நாள் அக்டோபரில் வருகிறது.

ஆட்களைத் தயார் செய்வதைத்தான் பல கழகங்கள் மறந்துவிடுகின்றன. ரேடியோவும் கம்பியும் தயாராக இருக்கும். மைக் முன் உட்கார்ந்தவருக்குப் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கூப்பிட்டவுடன் வாய் அடைத்துப்போகும். இதற்கு மருந்து உங்கள் வி.எச்.எஃப். கைக்கருவிகளில், 2 மீட்டர் அலைவரிசையில் வாரந்தோறும் நடக்கும் சந்திப்பு. வெள்ளி இரவு அரை மணி நேரம் போதும். நலம் விசாரித்து முடித்ததும் 10 நிமிடம் பொய்ப் போட்டி நடத்துங்கள்: ஒருவர் அழைப்பார், மற்ற எல்லோரும் கற்பனை அழைப்புக்குறிகளோடு ஒன்றாகப் பதில் கொடுப்பார்கள். அவர் ஒரு குறியின் இரண்டு எழுத்தைப் பிடித்தால் போதும், அந்த இரண்டு எழுத்தைச் சொல்லி அவரை மட்டும் திரும்ப அழைக்க வேண்டும். "யார் பேசுவது?" என்று பொதுவாகக் கேட்டால் பத்துப் பேரும் மறுபடி கத்துவார்கள். ஆங்கில எழுத்துகளுக்கான அனைத்துலகச் சொற்கள், ஆல்ஃபா முதல் ஜூலூ வரை, யோசிக்காமல் நாக்கில் வர வேண்டும். "ஃபைவ் நைன் ஃபைவ் ஃபோர்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் கூடாது.

மார்ச் கடைசி வார இறுதியில் நடக்கும் டபிள்யூ.பி.எக்ஸ். என்ற இன்னோர் அனைத்துலகக் குரல் போட்டியில் இரண்டு மணி நேரம் மட்டும் உட்காருங்கள். அது உங்கள் ஒத்திகை. தொடர்புகளைப் பதிவு செய்யும் என்1எம்எம் லாகர் மென்பொருள் இலவசம். கணினிக் கடிகாரத்தை உலக நேரத்தோடு பொருத்தி, அன்றைக்கே அதைப் பழகிக்கொள்ளுங்கள். ஜூலையில் முதல் தடவையாக அதைத் திறக்கக் கூடாது.

பணிமுறையில் என் கருத்து உறுதியானது: மேசையில் எப்போதும் இருவர். ஒருவர் இயக்க, மற்றவர் இன்னொரு ஹெட்ஃபோனில் அதையே கேட்டுப் பதிவு செய்வார். ஒரு காது தவறவிட்டதை மற்றது பிடிக்கும். புதியவர் பழையவரோடு இணைந்து உட்கார வேண்டும், ஒன்றரை மணிக்கு ஒரு முறை மாற்றம். நன்றாகப் பேசத் தெரிந்த இருவர் 24 மணி நேரமும் மைக்கைப் பிடித்துக்கொண்டால் புள்ளி கூடும் என்பது உண்மைதான். ஆனால் மற்றவர்கள் கயிறு கட்டிவிட்டுச் சமையல் செய்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அடுத்த ஆண்டு வரமாட்டார்கள். உங்கள் மூன்றாவது கேள்விக்கான பதிலில் பாதி இங்கேயே இருக்கிறது.

அந்த 24 மணி நேரம் எப்படிப் போகும் என்று ஒரு வரைபடம் தருகிறேன். தீபகற்பத்தில் நம் கடிகாரம் சூரியனைவிட முன்னால் ஓடுவதால் ஜூலையில் மாலை 7.30க்கு மேல்தான் பொழுது சாய்கிறது. போட்டி தொடங்கும் 8 மணி சரியாக அந்தி. 15 மீட்டரில் ஐரோப்பா இன்னும் திறந்திருக்கும், அங்கேயே தொடங்குங்கள். 9 மணிக்கு மேல் 20 மீட்டர். வட கோளத்தில் கோடை என்பதால் நள்ளிரவைத் தாண்டியும் ஐரோப்பா அங்கே பேசிக்கொண்டிருக்கும். இடையில் 40 மீட்டருக்கு இறங்கி ஜப்பான், இந்தோனேசியா, ஆஸ்திரேலியா. அதிகாலை 3 முதல் 7 வரை 40 மீட்டரும் பெவரேஜ் கம்பியும். அப்போது ரேடியோவின் முன்பெருக்கியை அணைத்து, ஆர்.எஃப். கெயினை, அதாவது ரேடியோவின் கேட்கும் கூர்மையை, குறையுங்கள், வெப்பமண்டலத்து இடி இரைச்சல் அடங்கி, குரல் தெளியும். விடிந்ததும் 20, 15 மீட்டரில் அமெரிக்கா. நண்பகலில் 15, 10 மீட்டரில் ஜப்பானும் பசிபிக்கும். 25ஆவது சூரியச் சுழற்சி 2024இல் உச்சத்துக்கு வந்தது. அதன் பின் இறங்குமுகம் என்றாலும் 10 மீட்டரை எட்டிப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். பிற்பகல் 4 மணிக்கு மேல் மறுபடி மேற்கே திரும்புங்கள்.

இடையில் இடி வரும். தென்மேற்குப் பருவக் காலத்தில் சுமத்திராவிலிருந்து விடியற்காலையில் வரும் சூறைக்காற்றும், உள்நாட்டில் பிற்பகல் இடியும் நமக்குப் பழக்கமானவைதான். பழக்கம் என்பதால்தான் ஆபத்து. இடிச்சத்தம் காதில் விழுந்ததும் கேபிள்களைக் கழற்றிக் கூடாரத்துக்கு வெளியே போட்டுவிட்டு, எல்லோரும் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போக வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகுதான் திரும்புவது. இந்த முடிவை எடுக்கும் அதிகாரத்தை ஒருவருக்குக் கொடுங்கள். அவர் சொன்னால் எந்த நாட்டு நிலையத்தோடு பேசிக்கொண்டிருந்தாலும் மைக்கை வைத்துவிட வேண்டும். செம்பனைக்கு அடியில் கூடாரம் போடாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

போட்டிக்குப் பிறகு பதிவைப் போட்டிகளுக்கான காப்ரிலோ என்ற கோப்பு வடிவில் உடனே அனுப்புங்கள். இரண்டு வாரத்துக்குள் ஒரு தேநீர்க் கூட்டம்; எந்த மணியில் எத்தனை தொடர்பு என்ற பட்டியலை வைத்துக்கொண்டு பேசுங்கள். தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு நன்றிக் கடிதமும், பேசிய நாடுகளைக் குறித்த உலகப் படமும் கொடுங்கள். அடுத்த ஆண்டு அனுமதிக்கு அதுவே விண்ணப்பம்.

ஆண்டின் மற்ற மாதங்கள் தாமாகவே நிரம்பும். ஏப்ரல் 18 உலக அமெச்சூர் வானொலி தினம். 1925இல் பாரிஸில் அனைத்துலக அமெச்சூர் வானொலிச் சங்கம் உருவான நாள். பாலாய் ராயாவில், அதாவது ஊர்ப் பொது மண்டபத்தில், ஒரு மேசை போட்டு ஊராருக்குக் காட்டுங்கள். செப்டம்பர் முதல் வார இறுதியில் ஜப்பானியச் சங்கம் நடத்தும் ஆல் ஏஷியன் குரல் போட்டியில் சமிக்ஞை அளவோடு அவரவர் வயதைச் சொல்ல வேண்டும். எழுபது வயதுக்காரரும் பதினாறு வயதுப் பிள்ளையும் எண்களைப் பரிமாறிக்கொள்வது அந்தப் போட்டிக்கே உரிய இன்பம். அக்டோபர் மூன்றாவது வார இறுதி சாரணர்களின் வானலை ஜாம்போரி. அருகிலுள்ள தமிழ்ப்பள்ளிச் சாரணர் குழுவை இப்போதே அழைத்துவிடுங்கள். அவர்கள் பேசுவதற்கு வேண்டிய ஏற்பாட்டை ஏ வகுப்பினர் பார்த்துக்கொள்ளட்டும்.

நம் பூமத்தியரேகைப் பகுதிக்கே வாய்த்த ஒன்றும் இருக்கிறது. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்திய ராக்கெட் ஏற்றிச் சென்ற இந்தோனேசியத் துணைக்கோள் ஐ.ஓ.-86. அதன் பாதை பூமத்தியரேகைக்கு 6 பாகை சாய்வில் மட்டுமே இருப்பதால், ஐரோப்பியர்கள் அதைக் கேட்கவே முடியாது. நமக்கோ ஏறக்குறைய நூறு நிமிடத்துக்கு ஒரு தடவை தலைக்கு மேல் வருகிறது. நம் குரலை வாங்கித் திருப்பி அனுப்பும் அதன் ரிப்பீட்டர் இயக்கப்படும் நேரங்களில் 145.880 மெகாஹெர்ட்ஸில் பேசி 435.880 மெகாஹெர்ட்ஸில் கேட்கலாம், உங்கள் கைக்கருவிகளும், எஃகு அளவுநாடாவை வெட்டிப் பி.வி.சி. குழாயில் பொருத்திச் செய்த, ஒரே திசையை நோக்கும் யாகி ஆண்டெனாவும் போதும். அதே யாகியைக் கொண்டு மறைத்து வைத்த சிறு டிரான்ஸ்மிட்டரைத் தேடும் நரி வேட்டையும் நடத்தலாம். பிள்ளைகள் ஓடிவருவார்கள், அதற்கு நான் பொறுப்பு.

இவை எல்லாம் விளையாட்டு மட்டும்தானா என்று ஊரில் யாராவது கேட்டால், 2004 டிசம்பர் 26ஐச் சொல்லுங்கள். அங்கிருந்து அமெச்சூர் ரேடியோவில் பேசுவதற்கென்றே வானலைப் பயணமாக அந்தமானுக்குச் சென்றிருந்த பாரதி பிரசாத்தின் குழு, சுனாமி அடித்த பிறகு போர்ட் பிளேரிலிருந்து அமெச்சூர் ரேடியோவிலேயே சேதிகளை நாட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பொழுதுபோக்குக்காகக் கட்டிய அதே கம்பி, அதே பேட்டரி, அதே பழகிய காது. 2014 இறுதியில் கிளந்தானில் வெள்ளம் வந்தபோது தொலைபேசி செயலிழந்த பகுதிகள் எத்தனை என்பது நமக்கு நினைவிருக்கிறது. ஜூலையில் 24 மணி நேரம் பேட்டரியில் நிலையம் நடத்திப் பழகிய கழகம், பேராக் ஆறு கரை தாண்டும் நாளில் யாரிடமும் பாடம் கேட்கத் தேவையிருக்காது.

ஆகவே தம்பி, சேமிப்பில் முதலில் தடித்த கேபிள், ஆண்டெனா ஸ்விட்ச், பெவரேஜின் மின்மாற்றியைச் சுற்ற வேண்டிய ஃபெரைட் வளையம், இரண்டாவது ஹெட்ஃபோன். மீதியைப் பி வகுப்புத் தேர்வு எழுதப்போகும் மாணவர்களின் கட்டணத்துக்கு ஒதுக்குங்கள். இரண்டு மூன்று இடங்களைப் பார்த்து மலை எத்தனை பாகை என்று அளந்து அனுப்புங்கள். இரைச்சல் தேடப்போகும் இரவுக்கு நானும் கோலகங்சாரிலிருந்து வருகிறேன். என் பழைய ஏ.எம். ரேடியோவையும் ஆண்டெனா அனலைசரையும் எடுத்து வருகிறேன். சனிக்கிழமையாக இருந்தால் நல்லது.